மீனும் பிண்ணாக்கும்



மருதனார்மடத்தைச் சூழ்ந்த எங்கள் ஊர்களிலே பிண்ணாக்கு என்றதும் கறவைப் பசுவின் நினைவுதான் எழும். அதனை வளர்ப்பு மீனுக்கும் இடலாமோ, இட்டால் மீன் செழிக்குமோ என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பண்ணை மீன்களுக்கு நெடுங்காலமாக மீன்மா ஊட்டப்பட்டு வருகின்றது. நெத்தலி, சாளை முதலிய சிறுமீன்களை உலர்த்தி அரைத்துப் பெறுவது அது. ஏழையின் சட்டிக்குப் போகவேண்டிய சிறுமீன், செல்வர் உண்ணும் பெருமீனுக்கு இரையாவது முறையோ? கடல்வளமும் வரம்புடையதன்றோ? ஆதலின் அறிஞர்கள் சோயா அவரை, நிலக்கடலை, எள்ளு ஆகியவற்றின் பிண்ணாக்கை நாடினர்.

இங்கே இரண்டு இடையூறுகள் உள. முதலாவது, புரதத்தின் குறைபாடு. சோயாவில் மெதியோனீன் என்னும் அமினோவமிலம் குறைவு. இலைசீன் போதிய அளவு உண்டு. எள்ளிலோ மெதியோனீன் மிகுதி, இலைசீன் குறைவு. இரண்டையும் கலந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு நிரப்பும். எஞ்சிய குறைக்கே தூய அமினோவமிலத்தைச் சிறிது சேர்க்கின்றனர்.

இரண்டாவது, பொசுபரசு பற்றியது. எலும்பு உரம்பெற இது வேண்டும். கல்சியத்தை நீரிலிருந்தே உறிஞ்சவல்ல மீன், பொசுபரசைப் பெரும்பாலும் உணவிலிருந்தே பெறவேண்டும். வித்துக்களிலுள்ள பொசுபரசில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற்று என்னும் சேர்வையாகப் பூட்டப்பட்டிருக்கின்றது. அதனைத் திறக்கும் ஆற்றல் மீனின் குடலுக்கு இல்லை.

திறவுகோல் பைற்றேசு என்னும் நொதியம். 1907 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சுசூகியும் அவர்தம் துணைவரும் இதனை அரிசித் தவிட்டிலே கண்டறிந்தனர். 1991 ஆம் ஆண்டளவில், பூஞ்சணத்தைக் கொண்டு ஆக்கப்பட்ட பைற்றேசு நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. முதலில் பன்றிக்கும் கோழிக்கும் பயன்பட்ட அது, பின்னர் மீனுணவிலும் இடம்பெற்றது.

ஆயினும் இது எங்கும் ஒரே பலனைத் தருவதன்று. தீவனத்தை உருண்டையாக்கும் கடுஞ்சூட்டில் நொதியம் கெடும். ஆதலின் உருண்டை ஆறியபின் மேலே தெளிப்பதுண்டு. அது நன்கு தொழிற்படுவதற்கு அமிலத்தன்மையும் வேண்டும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கு அமிலஞ் சுரக்கும் இரைப்பை உண்டு. கெண்டை இனத்துக்கோ இரைப்பையே இல்லை. ஒரு மீனுக்கு உகந்தது மற்றொன்றுக்கும் உகந்ததென்று கொள்ளலாகாது.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் இதனைச் சிறப்பாகச் சிந்தித்தல் வேண்டும். செரியாத பொசுபரசு கழிவாகிக் குளத்திலேயே தங்கும். பாசி பெருகும், இரவில் ஒட்சிசன் குன்றும், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவிக்கும். ஆகவே நொதியம் காப்பது மீனை மட்டுமன்று, நீரையுமாம்.

மீன் வளர்க்க முற்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை ஒருபோதும் இடாதீர்கள், நஞ்சு கலந்திருக்கக்கூடும். மலிவென்று ஒரே பிண்ணாக்கை நம்பாதீர்கள். தீவனப் பையில் எழுதியிருப்பதைப் படித்து, எது சேர்ந்திருக்கின்றது, எதற்காகச் சேர்ந்திருக்கின்றது எனக் கேட்டறிந்த பின்னரே வாங்குங்கள்.