அச்சாரமும் கணினி ஏடும்

சண்டிலிப்பாயிலே காணி வாங்குவோரும் விற்போரும் விலை பேசி முடித்ததும் முதலிற் கைமாறுவது அச்சாரப் பணம். உறுதி எழுதும் நாள்வரை அக்காணி வேறொருவர் கைக்குப் போகாதவாறு அது காத்து நிற்கும். வாங்க எண்ணியவர் மனம் மாறினால், வழக்கப்படி அச்சாரத்தை இழப்பார். அதற்கு மேல் அவருக்கு நட்டமில்லை. இவ்வழக்கத்தை அறிந்தவருக்கு, உலகச் சந்தைகளில் 'ஒப்ஷன்' என வழங்கும் தெரிவுரிமையை விளங்கிக்கொள்வது கடினமன்று.

தெரிவுரிமை என்பது, ஒரு பொருளைக் குறித்த விலைக்கு, குறித்த தவணைக்குள் வாங்கவோ விற்கவோ ஒருவருக்குள்ள உரிமையாகும். அது உரிமையேயன்றிக் கடமையன்று. அதனைப் பெறுவதற்கு அவர் ஒரு சிறு கட்டணம் செலுத்துகிறார். அச்சாரம் பின்னர் காணி விலையோடு சேர்த்துக் கணக்கிடப்படும். இக்கட்டணமோ திரும்பி வராது. கிரேக்க ஞானி தேலீசு, ஒலிவ விளைச்சல் பெருகுமென முன்கூட்டியே கருதி, செக்குகளையெல்லாம் சிறு முற்பணம் கொடுத்துத் தமக்கென ஒதுக்கிக்கொண்டார் என அரித்தோத்தில் எழுதியுள்ளார். ஆயினும், இவ்வுரிமைகளை வாங்கி விற்பதற்கெனத் தனிச் சந்தை சிக்காகோ நகரில் திறக்கப்பட்டது 1973ஆம் ஆண்டிலேதான்.

அத்தகைய சந்தைக்குத் தரகரும் வங்கியும் வேண்டும். 2015இல் தோன்றிய எதீரியம் என்னும் கணினி வலையமைப்பு வேறொரு வழியைக் காட்டிற்று. அங்கே கணக்கேடு ஒருவர் கையில் இல்லை. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் அதனை ஒரே படியாக வைத்திருக்கின்றன. ஒப்பந்தத்தை நிரலாக எழுதி அவ்வேட்டில் இட்டுவிட்டால், நிபந்தனை நிறைவேறியதும் பணம் தானே கைமாறும். இதனையே பரவல்முறை நிதி என்பர். இம்முறையிலே தெரிவுரிமைகளை வழங்கும் ஓப்பின், ஹெஜிக் முதலிய செயலிகள் 2020ஆம் ஆண்டையொட்டித் தோன்றின. அவற்றின் வாணிபம் பெரும்பாலும் கிரிப்டோ நாணயங்களின் விலையேற்ற இறக்கத்தைப் பற்றியதே. அக்கருவியைத் தோட்டக்காரன் பயன்பெறுமாறு அமைத்தல் கூடுமா என்பதே சிந்திக்கத்தக்கது.

வலிகாமத்து வெங்காயச் செய்கைக்காரருக்கு விலையைப் போலக் கவலை தருவது பிறிதொன்றில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத் தோட்டங்களைச் செழிக்கச் செய்தன. 1977இன் பின்னர் கதவு திறந்ததும் அவ்வருவாய் தளர்ந்தது. நிலமும் கிணறும் உழைப்பும் மாறவில்லை, விலை மாறிற்று. விதைக்கும் நாளில் அறுவடை நாளின் விலை எவருக்கும் தெரியாது.

ஒருவர் ஆயிரம் கிலோ வெங்காயம் விளைவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 200 ரூபா கிடைத்தாற் போதும் என்பது அவர் கணக்கு. நடுகை நாளிலே கிலோவுக்கு 10 ரூபா வீதம் 10,000 ரூபா செலுத்தி, 200 ரூபாவுக்கு விற்கும் உரிமையை அவர் பெறுகிறார். அறுவடையில் விலை 130 ஆகச் சரிந்தால், சந்தையில் 130 ரூபாவும் ஒப்பந்தத்தில் 70 ரூபாவும் கிடைக்கும். கட்டணம் போக 190 ரூபா அவர் கையில் நிற்கும். விலை 300 ஆக உயர்ந்தால் அந்த உரிமையைக் கைவிட்டு, 290 ரூபாவோடு மகிழ்ந்திருக்கலாம்.

இவ்வுரிமையை விற்பவர் யார்? இங்கேதான் புதிய எண்ணத்துக்கு இடமுண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் மக்கள் ஊர்ச் சங்கங்கள் அமைத்துப் பிறந்த ஊருக்கு நன்கொடை அனுப்பி வருகின்றனர். அவ்வாறான சங்கமொன்று, நன்கொடையின் ஒரு பகுதியை நிரல் ஒப்பந்தத்திற் பூட்டி வைத்து விலைக்குப் பிணை நிற்கலாம். மேற்கூறிய கணக்குக்கு உச்சப் பிணை இரண்டு இலட்சம் ரூபா. விலை சரியாவிட்டால் முதலும் கட்டணமும் சங்கத்துக்கே திரும்பும். அடுத்த போகத்துக்கு அதே பணம் மீண்டும் உதவும். விலை சரிந்தால், கொடுக்க எண்ணிய நன்கொடை, வேண்டிய வேளையில் வேண்டியவரைச் சென்றடையும். பணம் ஏட்டிலே பூட்டப்பட்டிருப்பதை இரு சாராரும் காணலாம். வாக்குத் தவறுவதற்கு இடமில்லை.

நாணய மாற்றிலும் இதே வழி பயன்படும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கென ரூபாவாகச் சேமித்த பெற்றோரின் சேமிப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று. 210 ரூபாவுக்கு டொலர் வாங்கும் உரிமையொன்று அன்று அவர்களிடம் இருந்திருக்குமாயின், அப்படிப்பு தடைப்பட்டிராது.

ஆயினும் இக்கருவியின் குறைகளை மறைத்தல் ஆகாது. முதலாவது, சந்தை விலை என்னவென்று கணினி ஏடு தானே அறியாது; ஒருவர் அதற்குச் சொல்ல வேண்டும். சொல்பவர் பொய் சொன்னால் ஒப்பந்தமும் பொய்யாகும். 2022 அக்டோபரில் மாங்கோ மார்க்கெட்ஸ் என்னும் தளத்திலே விலையைச் செயற்கையாக உயர்த்தி ஒருவர் பத்துக் கோடி டொலருக்கு மேல் எடுத்துக்கொண்டார். ஆதலின் ஒரு நாளின் விலையை நம்பாது, சுன்னாகம், திருநெல்வேலி, தம்புள்ளைச் சந்தைகளின் பல நாட் சராசரியைக் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, நிரலில் நேரும் பிழை. 2020 ஏப்ரலில் ஹெஜிக் நிரலில் நேர்ந்த ஒரு சிறு எழுத்துப்பிழையால் ஏறத்தாழ 28,000 டொலர் எவராலும் மீட்கவியலாதபடி பூட்டுண்டது. உறுதியிற் பிழையிருந்தால் நொத்தாரிசு திருத்துவார். ஏட்டில் ஏறிய நிரலைத் திருத்துவது எளிதன்று.

மூன்றாவதே பெரிது. உரிமையை வாங்குபவரின் இழப்பு கட்டணத்தோடு முடியும். விற்பவரின் இழப்போ பிணை முழுவதையும் விழுங்கலாம். உயர்ந்த வருவாய் தருவதாகக் கூறும் சில செயலிகள், பணம் இடுபவரை அவர் அறியாமலே விற்பவராக்கி விடுகின்றன. வாரந்தோறும் சிறு வருவாய் வரும். ஒரு வாரத்துச் சரிவில் முதலும் கரையும். வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேளாதவர் கையிலே இது கத்தியாகும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. கிரிப்டோ நாணயங்களின் ஆபத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்துள்ளது. வங்கி அட்டைகளைக் கொண்டு அவற்றை வாங்குதல் அனுமதிக்கப்பட்டதன்று என்றும் அது அறிவித்தது. ஆகவே மேற்கூறிய எண்ணங்கள், அனுமதி பெற்று, முதலிற் சிறிய அளவிற் சோதிக்கப்பட வேண்டியவை.

நிரல் எழுதக் கற்ற இளைஞர் யாழ்ப்பாணத்திலே பெருகி வருகின்றனர். அவர்கள் அமைக்கும் செயலி தோட்டக்காரனை என்றும் உரிமை வாங்குபவனாகவே நிறுத்தட்டும். தாங்கும் வலியுள்ளவரே பிணை நிற்கட்டும். அச்சாரம் கொடுப்பவன் எவ்வளவை இழக்கக்கூடும் என்பதை முன்னரே அறிந்திருந்தான். புதிய ஏடும் அந்த அறிவை அவனுக்கு அளிக்குமாயின், அதனை ஊர் ஏற்றுக்கொள்ளும்.