தீர்ப்பு எழுதப்பட்ட மொழியில் ஒரு மறுப்பு: மீனா கந்தசாமியின் நாவல்களை முன்வைத்து



இடையஞ்சாவடி மக்களுக்கு வெளிநாட்டவர் புதியவர்கள் அல்லர். ஆரோவில் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த நினைவுநாளில் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, இங்கிருந்து போய் லண்டனில் சில ஆண்டுகள் வாழ்ந்த, நம் கதையை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பெண்ணைப் பற்றி.

மீனா கந்தசாமி 1984இல் சென்னையில் பிறந்தவர். இருபது வயது நிறைவதற்கு முன்பே 'தி தலித்' என்ற ஆங்கில இதழின் ஆசிரியரானார். தொல். திருமாவளவனின் எழுத்துகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றார். 'டச்' (2006), 'மிஸ் மிலிட்டன்சி' (2010) என்ற கவிதை நூல்களுக்குப் பிறகு, 2014இல் வந்தது முதல் நாவல் 'தி ஜிப்சி காடஸ்'. தமிழில் 'குறத்தியம்மன்'.

அது கீழ்வெண்மணியின் கதை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற குற்றத்துக்காக, ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் நடந்துபோய்த் தாங்களே தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது.

ஆங்கிலத்தில் எழுதி லண்டன் பதிப்பகம் வெளியிட்ட நாவல் எப்படி நம் இலக்கியமாகும் என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெண்மணியின் கூலிப்பெண் அதைப் படிக்க முடியாது. ஆனால் அவளுடைய பிள்ளைகளைக் கொன்றவர்களை விடுவித்த தீர்ப்பும் அவள் படிக்க முடியாத ஆங்கிலத்தில்தான் இருந்தது. அதே மொழியில் ஒரு மறுப்பு இருக்க வேண்டாமா? அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில் எழுதியதும் எதிரி தப்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நாவல் ஒரு நிலக்கிழாரின் மனுவோடு தொடங்குகிறது. அரசின் காதில் முதலில் விழுவது யாருடைய குரல் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

2017இல் வந்த 'வென் ஐ ஹிட் யூ' நம்மை நோக்கியே விரல் நீட்டுகிறது. அதில் மனைவியை அடிக்கும் கணவன் புரட்சி பேசும் கல்லூரி ஆசிரியன். அவளுடைய கைப்பேசியும் மின்னஞ்சலும் அவன் கட்டுப்பாட்டில். 2018இல் இந்த நாவல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றதில் நமக்குப் பெருமைதான். ஆனால் மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் கை ஓங்குகிற தோழரை நாம் என்ன செய்தோம் என்று கேட்காமல் அந்தப் பெருமையைக் கொண்டாட நமக்கு உரிமை இல்லை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. வழக்குத் தாள்களில் அந்த நாள் இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் சொல்லும் அந்த நாள் நம்மிடம் இருக்கிறதா? உப்பளத்தில் உவர்நீரில் நின்று கால் வெடித்தவர்கள், மழை மாதங்களில் வேலையில்லாமல் கடன் வாங்கியவர்கள் கதை யார் நோட்டில் இருக்கிறது?

வெண்மணிக்குப் பிறகு மீனா கந்தசாமியின் ஆங்கில நாவல் வர 46 ஆண்டுகள் ஆயின. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளத்துக்குப் போங்கள். அம்மாக்களின், ஆயாக்களின் அனுமதி கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். எழுதியதை முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அவற்றை நாம் வாசிப்போம்.

ஜெய்பீம்.