மூட்டு வலியை மறைப்பதால் யாருக்கு நட்டம்?



லாபிஸ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நாற்பது வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்மரம் வெட்டியவர், இப்போது செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகாமட் மருத்துவமனையில் சிகிச்சை. அவர் கடும் நோய்க் காப்புறுதி எடுக்கப் போகும்போது முகவர், "மூட்டு வலியை எல்லாம் எழுத வேண்டாம்மா, பாரம் திரும்பி வந்துவிடும்" என்கிறார். ஆபத்தே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

மலேசியாவில் இத்தகைய காப்புறுதிக்கு அடிப்படையான பட்டியலில் 36 நோய்கள் உண்டு. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை அவை. சாதாரண மூட்டுத் தேய்மானம் அதில் இல்லை. ஆகவே, மூட்டு தொடர்பானவற்றுக்குக் காப்பு இல்லை என்ற விலக்கோடு பத்திரம் கிடைத்தாலும் அந்த அம்மாவுக்குப் பெரிய இழப்பில்லை. நாளை புற்றுநோய் வந்தால் காப்பு இருக்கும்.

முடக்குவாதம் வேறு விஷயம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் அந்நோய், இருதய நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. எனவே நிறுவனம் மருத்துவ அறிக்கை கேட்கலாம், சந்தாவை உயர்த்தலாம், தள்ளிவைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றில் கேட்கலாம். ஆனால் முன்பு மறுக்கப்பட்டதா என்று பாரம் கேட்டால் உண்மையையே எழுத வேண்டும்.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராதிருக்கத் தக்க கவனம் எடுப்பது விண்ணப்பதாரரின் கடமை. தெரிந்தே மறைத்தால் பத்திரமே செல்லாமல் போகலாம். ஈராண்டு கடந்த ஆயுள் காப்புறுதியை ரத்து செய்ய நிறுவனம் மோசடியை மெய்ப்பிக்க வேண்டும். வேண்டுமென்றே மறைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பும் உறுதியில்லை. மாதாமாதம் கட்டிய சந்தா இருந்தும், நோய்ப் படுக்கையில் கை வெறுமையாகும். அப்போது முகவர் பக்கத்தில் இருக்கமாட்டார். கையெழுத்து மட்டும் இருக்கும்.

ஆகவே, பாரத்தை வீட்டார் ஒருவரோடு படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். விலக்குகளை எழுத்தில் கேளுங்கள். புதிய பத்திரம் கைக்கு வரும்வரை பழையதை ரத்து செய்யாதீர்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால், 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையிடம் ஆறு மாதத்துக்குள் முறையிடுங்கள்.

தொழிலாளர்கள் சொக்சோவையும் மறக்கக்கூடாது. அதில் சேர மூட்டு வலி தடையில்லை. நோயால் உழைக்க இயலாமல் போனால், சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு இயலாமை ஓய்வூதியம் கோரலாம்.

உண்மையை எழுதினால் சில வெள்ளி கூடலாம். மறைத்தால் கட்டியது அத்தனையும் போகலாம்.