கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மாதர் தலைவி ஒருவர் பேசியது)



பெண்ணுரிமை என்று நான் வாய் திறந்ததும் பின்னால் இரண்டு அண்ணன்மார் சிரித்தார்கள். "இனி வீட்டில் யார் சமைப்பது?" என்று கேட்டதும் காதில் விழுந்தது. எனக்குக் கோபமில்லை. அந்தச் சிரிப்புக்குள் ஒரு பயம் இருக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்தால் ஆணுக்குக் குறையும் என்ற பயம்.

1984க்கு முன்னர் இதே மலையில் பெண்ணின் நாள் சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. அந்த ஏப்ரலில் நம் அம்மா அப்பாமார் சேர்ந்தே வேலைநிறுத்தம் செய்தார்கள். சம சம்பளம் வந்தது. அதனால் எந்த ஆணுக்குக் குறைந்தது? லயத்துக் காம்பராவுக்குள் காசு கூடத்தான் வந்தது.

எங்களிடமும் பிழை உண்டு. "ஆம்பிளைகளிடம் சொல்லி என்ன பயன்" என்று பீலிக்கரையிலேயே பேசி முடித்துவிடுகிறோம். நிறுவையில் கிலோ வெட்டுகிறார்கள், அரைப்பேர் போடுகிறார்கள். தலைவரிடம் சொல்வதில்லை.

ஆனால் எப்போது சொல்வது? கவ்வாத்து முடித்து நீங்கள் பகலோடு வீடு திரும்புகிறீர்கள். நாங்கள் கடைசி நிறுவை முடித்து, பிள்ளைமடுவத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில்தான் கமிட்டிக் கூட்டம். பிறகு "பெண்கள் வருவதில்லை" என்று கூட்ட அறிக்கையில் எழுதுகிறீர்கள். அதைப் பார்த்தால் எங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

அடுத்த கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு வையுங்கள். அன்றைக்கு ரொட்டியை நீங்கள் சுடுங்கள். வெட்டிய கிலோவை நாள்வாரியாக எழுதி வைத்த கொப்பியோடு நாங்கள் வருகிறோம்.