"வயித்து வருத்தத்தில போனவர்"



எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "அவர் வயித்து வருத்தத்தில போனவர்." என்ன வருத்தம் என்று கேட்டால் பதில் இருக்காது. சண்டைக் காலம்; வைத்தியசாலைக்குப் போகப் பாதை இல்லை; இருந்த மருந்துத் துண்டுகளும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. இன்று பெருங்குடல் புற்றுநோய்க்கும் எங்கள் நிர்ப்பீடன மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசவிருக்கிறேன். முடிவில் இந்த வசனத்துக்கே திரும்பி வருவோம்.

நிர்ப்பீடனம் என்றால் நோய் எதிர்ப்புச் சக்தி. சிறுநீரகம் மாற்றுவதற்கு முன் 'பொருத்தம்' பார்ப்பார்கள் அல்லவா? அங்கே முக்கியமாகப் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற மரபணுக்களை. இவை ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். எங்கள் கலங்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை இந்த எச்.எல்.ஏ. என்ற தட்டில் வைத்து வெளியே காட்டுகின்றன. 'ரி' கலங்கள் என்ற காவலர்கள் அதைப் பார்ப்பார்கள். அந்நியமான துண்டு என்று கண்டால் அந்தக் கலத்தை அழிப்பார்கள். இந்தக் காவலர்களின் 'கண்'ணுக்குரிய மரபணுவை 1984இல் கண்டறிந்தவர்களில் ரொறன்ரோவின் கலாநிதி டாக் மாக்கும் ஒருவர்.

அப்படியானால், இந்த வேறுபாடு ஒருவருக்குக் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுமா? ஓரிலட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, இந்த நோயில் நிர்ப்பீடனத்துக்கும் பங்குண்டு என்பதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் இப்படியான பொதுவான வேறுபாடு ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது சிறிதளவே. ஆகவே எச்.எல்.ஏ. முடிவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது வேறொரு வகை மரபணு. கலம் பிரியும்போது மரபணு எழுத்துக்களைப் படி எடுக்கும். அதில் வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தவும் சில மரபணுக்கள் உண்டு. அவை பழுதானால் பிழைகள் குவியும். விநோதமான புரதங்கள் உருவாகும். காவலர்கள் அவற்றை இலகுவாக அடையாளம் காண்பார்கள். ஒன்ராறியோவில் 50 வயதோ அதற்குக் குறைவோ ஆன 607 நோயாளரை ஆராய்ந்து ரொறன்ரோ ஆய்வாளர்கள் 2000இல் முடிவை வெளியிட்டார்கள். 17 வீதமானோரின் கட்டிகள் இந்த வகை. அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். நோய் பரவிய நிலையிலும், காவலர்களைத் தட்டியெழுப்பும் நிர்ப்பீடன சிகிச்சை இன்று இந்த வகைக் கட்டிகளுக்கே நன்றாக வேலை செய்கிறது.

இந்தப் பழுது சிலருக்கு வயதோடு வருவது. சிலருக்கோ பெற்றோரிடமிருந்து வருவது. இதை 'லிஞ்ச்' நோய் என்பார்கள். பிள்ளைக்கு அது கடத்தப்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயும் இதனால் வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க வைத்தியர் முதலில் கேட்பது இரத்தம் அல்ல, கதை. "குடும்பத்தில் யாருக்கு, எத்தனை வயதில்?" எங்களில் பலர் "ஒருவருக்கும் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். 'தெரியாது' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல, நேயர்களே. தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

இந்த வார இறுதியில் ஊரிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் மாமி, பெரியப்பாமாருக்குத் தொலைபேசி எடுங்கள். "அம்மப்பாவுக்கு அப்ப என்ன வயசு? மெலிஞ்சு போனவரோ? இரத்தம் போனதோ?" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டும்.

பெற்றோர், சகோதரர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், ஒன்ராறியோவில் 50 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, எது முந்தியதோ அப்போது குடலைக் கமரா மூலம் பார்ப்பார்கள். அப்பாவுக்கு 48இல் வந்திருந்தால் மகளுக்கு 38இல். மற்றவர்களுக்கு, 2008இல் தொடங்கிய மாகாணத் திட்டத்தின் கீழ், 2019 முதல் வீட்டிலேயே எடுத்துத் தபாலில் அனுப்பும் மலப் பரிசோதனை உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மலத்தில் இரத்தம் போனால் 'மூலம்' என்று இருந்துவிடாமல் நேரே வைத்தியரிடம் போங்கள்.

எங்கள் பிள்ளைகளும் நாளைக்கு "வயித்து வருத்தம்" என்று மட்டும் சொல்லும் நிலை வேண்டாம்.