பழுதென்று நினைத்த ஒலி

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் ஒலிபெருக்கி அமைப்போருக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு ஒன்றுண்டு. பேச்சாளர் சற்றே குரலை உயர்த்தினால் கருவி கரகரக்கும். சொற்கள் உடைந்து சிதறும். "கொஞ்சம் குறையும் தம்பி" என்று நான் சொல்லாத ஆண்டில்லை. ஆகவே, பழைய மாணவனொருவன் தன் மின்கிதாரையும் அதற்குரிய அம்பிளிபயரையும் எமது மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒரு தந்தியை மீட்டியபோது, பெட்டியைத் திருத்தக் கொடுக்கும்படி அவனுக்குப் புத்தி சொன்னேன். அவன் சிரித்தான். "பழுதில்லை சேர். இந்தச் சத்தத்துக்குத்தான் இவ்வளவு காசு குடுத்தனான்" என்றான்.

அன்று தொடங்கிய விசாரணையின் பயனையே இன்று நேயர்கள் முன் வைக்கிறேன். நான் கலைப் பட்டதாரி. மின்னியல் என் துறையன்று. எனினும், தரம் என்ற சொல்லை நாள்தோறும் கையாளும் ஆசிரியனுக்கு இக்கேள்வி அயலானதுமன்று.

அம்பிளிபயரை நம் பாடநூல்கள் விரியலாக்கி என வழங்கும். உட்புகும் மெல்லிய மின்னலையை உருமாறாமற் பெரிதாக்குதலே அதன் கடமை எனப் பொறியியலாளர் கொண்டனர். 1927இல் அமெரிக்கரான ஹரோல்ட் பிளாக், வெளிவரும் அலையில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பியனுப்பித் திரிபைக் குறைக்கும் வழியைக் கண்டதும் அக்கடமையின் பொருட்டே. கிதார்க்காரரோ நேர் எதிர்த்திசையிற் சென்றனர். 1964இல் வெளிவந்த 'யூ ரியலி காட் மீ' என்ற பாடலின் முரட்டு ஒலிக்காக, இலண்டன் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தம் சிறு அம்பிளிபயரின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர அலகினாற் கீறினார். ஒலி கிழிந்ததற்குக் கூம்பு கிழிந்ததே காரணம்.

எல்லோரும் கூம்பைக் கிழித்துக்கொண்டிருக்க இயலாதன்றோ! வால்வுகளே அவ்வேலையைச் செய்தன. ஒரு வால்வு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அலை உயருமாயின், அதன் உச்சி தட்டையாகிவிடும். தட்டையான அலையிற் புதிய மேற்றொனிகள் பிறக்கும். வால்வு பெரும்பாலும் உச்சியைச் சட்டென்று வெட்டாது படிப்படியாக மழுக்குவதால், கரகரப்பு காதுக்கு இதமாகப்படுகிறது. 1962இல் இலண்டன் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்ற மேளவாத்திய ஆசிரியர், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மன் சுற்றை ஒட்டித் தம் உதவியாளருடன் அம்பிளிபயர் செய்யத் தொடங்கினார். முதற்படியில் அவர்கள் இட்ட ஈ.சி.சி. 83 வால்வின் பெருக்குதிறன் ஏட்டளவில் 100. பின்னர்க் கலிபோர்னியாவில் மீசா நிறுவனத்தின் ரண்டல் சிமித், இத்தகைய படிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இடையிடையே அளவு திருகிகளையும் வைத்தார். இரு படிகள் சேர்ந்தால் ஏட்டுக்கணக்கில் 10,000 மடங்கு! அதன்பின் மண்டபம் அதிராமலே ஒலியை வேண்டிய மட்டும் முறுக்க முடிந்தது. உயர்பெருக்க அம்பிளிபயர் என்று இன்று சொல்லப்படும் குடும்பத்தின் பிறப்பு இதுவே.

இவற்றின் தரம்பற்றி இளைஞரிடையே நிகழும் விவாதங்களைக் கேட்டால், பாதி உவாற்றுக் கணக்கிலேயே போய்விடுகிறது. 50 உவாற்றுக்கும் 100 உவாற்றுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சிறிது. அதிக ஓசையுடையதே சிறந்தது என நம் செவி நம்மை ஏமாற்றும் ஆகையால், ஓசையைச் சமப்படுத்தாது இரண்டை ஒப்பிட்டவர் சொல்லும் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. ஒலிபெருக்கியை மறந்து அம்பிளிபயரை மட்டும் புகழ்வதும் அத்தகையதே. கிதார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹேட்ஸுக்கு மேற்பட்டவற்றைப் பெரிதும் அடக்கிவிடுகிறது. அவ்வடக்கம் இல்லையேல் எஞ்சுவது வண்டின் இரைச்சலே.

எனக்குச் சரியெனப்படும் அளவுகோல் வேறு. ஈரொலிகளை ஒருங்கே மீட்டிக் கேட்க வேண்டும். 110, 165 ஹேட்ஸ் உள்ள இரு சுரங்கள், அதாவது சட்சமும் பஞ்சமமும், திரிபினூடே செல்லும்போது அவற்றின் வித்தியாசமான 55 ஹேட்ஸும் பிறக்கிறது. அது கீழ்ச்சட்சமம், ஆதலால் முழக்கம் உறுதி பெறுகிறது. பஞ்சமத்துக்குப் பதிலாகக் காந்தாரத்தை இட்டாலோ, கிதாரின் சுருதிப் பகுப்பில் அது 138.6 ஆக நிற்பதால், வித்தியாசம் 28.6 ஆகிறது. கீழ்ச்சட்சமத்துக்கு வேண்டியது 27.5. இரண்டும் மோதிக் கலங்கல் உண்டாகிறது. கனத்த இசைக்காரர் காந்தாரத்தை விலக்கிப் பஞ்சமத்தைப் பற்றிக்கொள்வதன் இரகசியம் இது. நல்ல அம்பிளிபயர் இக்கலங்கலிலும் சுரங்களை ஒருவாறு பிரித்துக் காட்டும். விரல் மென்மையாகப் பட்டால் தானும் மென்மையாகும். மட்டமானதற்கு எல்லாம் ஒன்றே.

நம்மவர் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பதற்கு முன் தம்புராவை நினைக்கலாம். குதிரைமீது தந்திக்கடியில் நூலிழை செருகி நாம் வரவழைக்கும் ஜீவா எது? தந்தியின் தூய ஒலியைக் குலைத்து மேற்றொனிகளைப் பெருக்கும் உபாயமன்றோ! நூல் சிறிது நகர்ந்தால் ஜீவா போய்விடும். அளவு அங்கும் இங்கும் ஒன்றே.

இப்போது கணினி வழியில் இவ்வொலிகளைப் போலச்செய்யும் கருவிகளும் வந்துள்ளன. 2011இல் ஜேர்மனியிலிருந்து வந்த கெம்பர் அவற்றுள் ஒன்று. வால்வே உயர்ந்தது என்பார் பலர். கண்ணை மூடிக்கொண்டு கேட்பிக்கும்போது அவர்களுள் எத்தனை பேர் அதைச் சாதிப்பார்களோ, ஐயமே.

ஆசிரியனாக எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். பெருக்கத்தை எல்லைவரை திருகினால் மெல்லிய மீட்டலும் வலிய மீட்டலும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். கற்போனின் சீரற்ற கை மறைந்துவிடும். அவன் தேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வான். அதேவேளை, தவறுதலாகத் தொட்ட அயல்தந்தி மாத்திரம் பூதாகாரமாக அலறும்.

இதை அம்மாணவனிடம் கூறி, 10இல் நின்ற திருகியை 5இற்கு இறக்கச் சொன்னேன். அதே வரிசையை மறுபடி வாசித்தான். இரண்டிடங்களிற் கை தடுமாறியது வெளிப்படையாகக் கேட்டது. நான்காம் தடவை தடுமாறவில்லை. "உண்மைதான் சேர்" என்றான். அடுத்த கிழமை மண்டபத்துக்குச் சென்றபோது, ஒருவரும் பாராதபடி பெட்டியருகே குனிந்து பார்த்தேன். திருகி 8இல் நின்றது.