வில்லவூட் விடுதியிலிருந்து எழுந்த இசை

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் அவுஸ்திரேலியாவை நாடிச் சென்றனர். அவ்வாறு சென்றோர் முதலில் தங்குவதற்கென அரசாங்கம் அமைத்த விடுதிகளுள் ஒன்று, சிட்னி நகரின் மேற்குப்புறத்தே வில்லவூட் என்னுமிடத்தில் இருந்தது. அங்கே ஏற்பட்ட நட்பின் பயனாக 1964ஆம் ஆண்டில் தோன்றியதே 'ஈஸிபீட்ஸ்' என்னும் றொக் இசைக்குழு.

குழுவினர் ஐவருமே கடல் கடந்து வந்தவர்கள். பாடகர் ஸ்டீவி றைற்றும் ட்ரம்ஸ் வாசித்த ஸ்னோவி பிளீற்றும் இங்கிலாந்தில் பிறந்தோர். ஜோர்ஜ் யங் ஸ்கொட்லாந்தர். ஹரி வண்டாவும் டிக் டயமண்டும் ஒல்லாந்தர். 'பீற்றில்ஸ்' குழுவினரின் புதிய இசை உலகெங்கும் இளைஞரை மயக்கிய காலம் அது. ஆயினும் இவர்கள் பிறர் பாட்டையே பாடித் திரியவில்லை. தாமே பாடல்களை இயற்றினர். 1965இல் வெளிவந்த 'ஷீ இஸ் ஸோ பைன்' அவுஸ்திரேலிய இளைஞரிடையே அவர்களுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

1966இல் அவர்கள் இலண்டனுக்குச் சென்றனர். அங்கே வண்டாவும் யங்கும் இணைந்து இயற்றியதே 'பிரைடே ஒன் மை மைண்ட்'. வார நாட்களை ஒவ்வொன்றாக எண்ணி, வெள்ளிக்கிழமை மாலைக்காக ஏங்கும் ஓர் எளிய உழைப்பாளியின் மனநிலையை அது எடுத்துரைத்தது. விடுதியில் வாழ்ந்த குடும்பங்கள் நன்கறிந்த உணர்வல்லவா அது! அவுஸ்திரேலியாவில் முதலிடத்தையும், பிரித்தானியாவில் ஆறாம் இடத்தையும், ஐக்கிய அமெரிக்காவில் பதினாறாம் இடத்தையும் அப்பாடல் எட்டியது.

ஏற்றம் எவ்வளவு விரைவாக வந்ததோ, இறக்கமும் அவ்வளவு விரைவாகவே வந்தது. 1967இல் பிளீற் குழுவை விட்டு நீங்கினார். அடுத்து வந்த இசைத்தட்டுகள் ஒன்றுக்கொன்று வேறான போக்கில் அமைந்தமையால், இக்குழுவுக்கே உரிய குரல் எதுவென்று இரசிகர்கள் இனங்காண இயலாது போயிற்று. புதிய பாடல்களை ஆக்குவதிலே வண்டாவும் யங்கும் மூழ்க, குழுவாக வாழும் வாழ்வு தளர்ந்தது. போதைப்பொருட் பழக்கமும் உட்புகுந்தது. கடன் சுமையும் ஏறியது. 1969இல் அவுஸ்திரேலியாவில் இறுதியாக ஒரு சுற்றுப்பயணம் செய்தபின் குழு கலைந்தது.

கலைந்தபின் அவர்கள் சென்ற வழிகளும் ஒன்றாயிருக்கவில்லை. வண்டாவும் யங்கும் 1973இல் சிட்னிக்குத் திரும்பி, பிறருக்காகப் பாடல் இயற்றினர், இசைத்தட்டுகளை ஆக்கினர். யங்கின் இளைய சகோதரர்களான மல்கமும் அங்கஸும் தொடங்கிய 'ஏசி டிசி' குழுவை உருவாக்கியதில் இவ்விருவரின் பங்கு பெரிது. தம் பழைய பாடகரையும் அவர்கள் மறந்தாரல்லர். 1974இல் 'ஈவி' என்னும் பாடலை அவருக்கென இயற்றி அளித்தனர்; அது அவுஸ்திரேலியாவில் முதலிடம் பெற்றது. எனினும் ஹெரோயின் பழக்கம் ஸ்டீவி றைற்றின் வாழ்வைச் சிதைத்தது. பல்லாண்டுகள் அதனோடு போராடிய அவர் 2015இல் காலமானார். ஜோர்ஜ் யங் 2017இல் மறைந்தார்.

ஒரே பாட்டின் புகழைப் பகிர்ந்துகொண்டவர்களுள் இருவரைத் தொழில் தாங்கியது. பாடகரையோ அப்புகழ் தாங்கவில்லை. பாடல் மட்டும் நிலைத்தது. 2001இல் அவுஸ்திரேலியாவின் மிகச் சிறந்த பாடலாக அந்நாட்டு இசைப் பதிப்புரிமைச் சங்கம் தேர்ந்தது அந்த வெள்ளிக்கிழமைப் பாட்டையே. அந்நாட்டின் சிறந்த பாடலை அதற்கு அளித்தவர்கள் அங்கே குடியேற வந்தவர்களின் பிள்ளைகள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.